மறு: ஊசியில் பசை ஏறுவதை என்னவென்று சொல்வது?

கோத்தகிரியிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

தையல் மெஷின் ஊசியில் பசை ஏறுவதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் நான் கேட்டதற்கு மூன்று சொற்கள் வந்தன: ஊசி ஒட்டல், பசையூசி, கோந்தடைப்பு. மூன்றையும் தையல் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. காரணத்தை எழுதுகிறேன். குழுமத்தில் தையல் தெரியாதவர்களும் இருப்பதால் முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு துணியில் உருவம் வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பது அப்ளிக். நமக்குப் புதிதில்லை, தேரில் தொங்கும் தொம்பை இந்த வேலைதான். இங்கே நாங்கள் தேநீர்க் கெண்டியின் உறையில் இரண்டு இலை ஒரு மொட்டும், தலையணை உறையில் வரையாடும் வைக்கிறோம். முன்பு உருவத்தைக் கையால் நூலோட்டி நிறுத்துவோம். இப்போது இடையில் மெல்லிய வலை ஒன்றை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துகிறோம். அந்த வலையே உருகி இரண்டு துணியையும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் ஓரத்தைச் சுற்றி மெஷினில் ஜிக்ஜாக் போட்டால் முடிந்தது.

தொல்லை அந்த ஓரத்தில்தான். ஒரு சாண் தைப்பதற்குள் நூல் பிசிறுகிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது, கடைசியில் நூல் அறுகிறது. ஊசியைக் கழற்றித் தடவினால் காதைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு படிவு. இதற்குத்தான் பெயர் வேண்டும்.

ஊசி ஒட்டல் என்று சொன்னதும் ஒரு மாணவி, ஊசி துணியோடு ஒட்டிக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டு ஊசிக்கு மெஷின் எண்ணெய் தடவிவிட்டாள். வெள்ளைத் துணி முழுக்கக் கறை. கோந்து என்றதும் இன்னொருத்தி ஈரத்துணியால் துடைத்தாள். கோந்து தண்ணீரில் கரையும், இது கரையாது. பெயர் தப்பினால் கை தப்பான இடத்துக்குப் போய்விடுகிறது.

என் பரிந்துரை: ஊசிப்பிசுக்கு. எண்ணெய்ப் பிசுக்கு என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். பிசுக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், உடனே துடைத்தால் போகும், விட்டால் இறுகும். மூன்றும் இங்கே அப்படியே பொருந்துகின்றன. “ஊசியில பிசுக்கு ஏறிருச்சு, ஸ்பிரிட் தொட்டுத் துடை” என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கொடைக்கானலிலிருந்து:

அன்புள்ள அம்மா,

ஊசிப்பிசுக்கு நல்ல சொல். பேச்சில் இருக்கும் சொல்லை எடுத்ததற்கு என் பாராட்டு. ஆனால் அது விளைவின் பெயர். காரணமான பொருளுக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டீர்கள். சூட்டில் உருகி, ஆறினால் இறுகிப் பிடிக்கும் பொருளுக்கு நம்மிடம் அரக்கு என்ற சொல் இருக்கிறது. கடித உறைக்கு முத்திரை வைத்தது அதனால்தான், பொற்கொல்லர் நகைக்குள் நிரப்புவதும் அதைத்தான். ‘அரக்கு வலை’ என்று வைத்தால் என்ன?

கோத்தகிரியிலிருந்து:

ஐயா, வணக்கம். அரக்கு எனக்கும் பிடித்த சொல், இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் ஜவுளிக்கடையில் அரக்கு என்றால் முதலில் நிறம்தான் நினைவுக்கு வரும். அரக்கு வலை கேட்டால் அந்த நிறத்தில் வலைத்துணியை எடுத்துப் போடுவார்கள். அதோடு அரக்கு பூச்சி தருவது, இந்த வலை பிளாஸ்டிக் வகை. பசைத்தாள் என்றும் வைக்க முடியாது. வலையோடு ஒட்டி வரும் தாள் வெறும் முதுகுதான், அதை உரித்துப் போட்டுவிட வேண்டும்.

உருகுபசை என்று வைப்போமா? வலைக்கு உருகுபசை வலை.

இது வினைத்தொகை, அதனால் நடுவில் ப் வராது. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கும் என்று பள்ளியில் படித்தோம்: உருகிய பசை, உருகுகின்ற பசை, உருகும் பசை. ஐயா, இந்தப் பொருளின் குணமே அதுதானே! ஒருமுறை உருகி இறுகியதோடு கதை முடியவில்லை. சூடு பட்டால் மறுபடி இளகும். இஸ்திரியில் உருகியது, ஊசி துணியைத் துளைத்துத் துளைத்து உராயும் சூட்டில் திரும்ப இளகி ஊசியில் ஏறுகிறது. நிமிடத்துக்கு 4000 தையலுக்கு மேல் ஓடும் தொழிற்சாலை மெஷினில் ஊசி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதும் உண்டு. வீட்டு மெஷினில் அவ்வளவு ஏறாது, ஆனால் நெருக்கமான ஜிக்ஜாக் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்துகிறது.

பெயர் இப்படி அமைந்தபின் வகுப்பில் தடுக்கும் வழிகளைச் சொல்வது எளிதாகிவிட்டது. மறுபடி இளகும் பசை என்று தெரிந்தவள் மெதுவாகத் தைப்பாள், இஸ்திரி போட்ட துணி நன்றாக ஆறும்வரை காத்திருப்பாள். பசை குறைந்தால் பிசுக்கும் குறையும் என்பதால் மெல்லிய வலை வாங்குவாள். தடித்த வலை, தையலே போடாமல் ஒட்டி விடுவதற்கென்று செய்தது; அதில் ஊசி விட்டால் பிசுக்கு நிச்சயம். 11-ஆம் நம்பர் ஊசி திணறினால் புதிதாக 14-ஆம் நம்பர் போடலாம். துளையும் காதும் பெரிதாவதால் நூல் உராய்வது குறைகிறது.

வலையின் நடுப்பகுதியை முன்கூட்டியே வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் மட்டும் விடும் முறை ஒன்று உண்டு. வரையாட்டின் வயிற்றில் பசை இருக்காது, துணியும் விறைக்காது. அதற்கு மாணவிகளே வளையல் வெட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மாற்றப்போவதில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு பாடு இருக்கிறது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அப்போது அலமாரியில் இருக்கும் துணியும் நமுத்துப்போகும். இஸ்திரிச் சூடு அந்த ஈரத்தை விரட்டவே செலவாகிவிடுவதால் பசை அரைகுறையாக உருகி, துணியைச் சரியாகப் பிடிக்காமல் நிற்கிறது. ஊசிக்கு அது லட்டு மாதிரி. வலை வைக்கும் முன் இரண்டு துணியையும் வெறுமனே ஒருமுறை சூடாகத் தேய்த்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். கொடைக்கானலிலும் இதே கதைதான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.

துடைக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் மேலிருந்து கீழாக. சூடான இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் இருக்கக் கூடாது, ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இன்னும் ஒன்று பாக்கி. பசை பிடிக்காதபடி மேல்பூச்சுப் போட்ட ஊசியும் கிடைக்கிறது. மாணவிகள் தோசைக்கல்லை நினைத்து நான்ஸ்டிக் ஊசி என்கிறார்கள். ‘ஒட்டா ஊசி’ என்று எழுதினேன், ஆனால் ஒட்டல் வேண்டாம் என்று நானே வாதாடியிருக்கிறேன். ‘பிசுக்கேறா ஊசி’ சரிவருமா, வாயில் நுழையுமா? திங்கட்கிழமை வகுப்புக்கு முன் எழுதினால் அன்றே பலகையில் எழுதிப் பார்த்துவிடுவேன்.