கேட்கீப்பர்: வாயிற்காவலரா, மதகாளரா?

கடலூரிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்வழி பி.காம் மாணவர்களுக்காகப் போட்டிச் சட்டச் சொற்பட்டியல் ஒன்று தயாரிக்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஏகபோகம், கூட்டுச்சதி எல்லாம் பழைய சரக்கு, சிக்கல் இல்லாமல் முடிந்தது. கேட்கீப்பர் (gatekeeper, விற்பவரும் வாங்குபவரும் தாண்டியே போக வேண்டிய பெரிய இணைய நிறுவனம்) வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

முதலில் கைக்கு வந்த சொல் வாயிற்காவலர். பட்டியலில் எழுதியும் விட்டேன். எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்: 'கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், ஆப்பிள், அமேசான் ஆகியவை வாயிற்காவலர்கள்.' எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் கல்லூரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் ஐயாதான் கண்முன் வந்தார்.

தமிழில் வாயில் காப்பவன் சம்பளக்காரன். கதவும் அவனுடையது இல்லை, உள்ளே இருக்கும் அரண்மனையும் அவனுடையது இல்லை. கண்ணகி மதுரையில் கூப்பிட்டது வாயிலோனை, வழக்கு அரசன் மேல். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும் காவலரைப் பார்த்திருப்பீர்கள். அவர் பக்கத்திலேயே கடை போட்டு, 'அந்தப் பையை இங்கே வை, என் கடையில் வாங்கிக்கொண்டு போ' என்று சொல்வதில்லை. கேட்கீப்பர் நிறுவனம் செய்வது கிட்டத்தட்ட அதைத்தான். சாவடியும் அவருடையது, கடையும் அவருடையது, போகிற வருகிறவர் பையில் என்ன இருக்கிறது என்ற கணக்கும் அவரிடம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம்தான் இந்தச் சொல்லைச் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது. 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் என்று 6 நிறுவனங்களுக்கு இந்தப் பட்டம் கட்டினார்கள். மறு ஆண்டு மே மாதம் புக்கிங் நிறுவனமும் சேர்ந்தது. யார் கேட்கீப்பர் என்பதற்கு எண் கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் ஆண்டு வருவாய் 750 கோடி யூரோ, அல்லது சந்தை மதிப்பு 7,500 கோடி யூரோ. மாதம் 4.5 கோடி பயனர்கள், ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்கள். ஆனால் நம் மாணவருக்குப் புரிய வேண்டியது எண் இல்லை, அந்த நிலைமை.

நிலைமை என்னவென்று என் நாத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடியில் நாலு அறை போட்டு விருந்தினர்களுக்கு விடுகிறாள். போன வெள்ளிக்கிழமை மாலை ஒரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. செயலியில் பெயரைப் பார்த்துவிட்டு நேராகவே வந்துவிட்டார்கள். 'நேரில் கேட்டால் குறைப்பீங்களாம்மா?' என்று கேட்டார் அந்த அப்பா. செயலியில் 2,000 ரூபாய் போட்டிருக்கிறது. கமிஷன் போகிற பணம்தானே என்று 1,800க்குக் கொடுக்க அவளுக்கு மனசு. ஒப்பந்தம் விடவில்லை: செயலியில் உள்ள விலைக்குக் கீழே வேறு எங்கும் அறை தரக்கூடாது, மீறினால் பட்டியலில் பெயர் கீழே போய்விடும். கடைசியில் அந்த மனிதர் அவள் வீட்டு வாசற்படியில் நின்றபடியே, அவள் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, செயலியைத் திறந்து அறை எடுத்தார். கமிஷன் போயிற்று.

'அண்ணி, என் வாசல் என்னோடது இல்லை' என்றாள்.

எந்தச் செயலி என்பது இங்கே வேண்டாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் என்னால் 'வாயிற்காவலர்' என்று எழுத முடியவில்லை. வேறு சொல் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து:

அம்மா, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

எனக்குப் பிரெஞ்சுப் பழக்கம் இருப்பதால் ஒரு தகவல். ஐரோப்பியச் சட்டம் ஒன்றியத்தின் எல்லா மொழிகளிலும் வெளியாகிறது, எல்லாப் பதிப்பும் சட்டப்படி சமம். ஜெர்மன்காரர்கள் 'டோர்வெக்டர்' என்று அப்படியே வாயில் காப்பவரை எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எடுக்கவில்லை. அவர்கள் பதிப்பில் இருப்பது 'கோந்த்ரோலர் தக்ஸே', அதாவது உள்ளே போவதைக் கட்டுப்படுத்துகிறவர். வாயிலும் இல்லை, காவலும் இல்லை. ஒரே சட்டத்தில் அடுத்த வீட்டுக்காரர்களே ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை என்றால் நாம் ஏன் பெயர்க்க வேண்டும்?

பிரிட்டனில் 2024 சட்டம் 'ஸ்ட்ராட்டஜிக் மார்க்கெட் ஸ்டேட்டஸ்' என்கிறது. நம் டெல்லிக்காரர்கள் 2024 மார்ச்சில் வெளியிட்ட டிஜிட்டல் போட்டி வரைவு மசோதாவில் 'சிஸ்டமிக்கலி சிக்னிஃபிகன்ட் டிஜிட்டல் என்டர்பிரைஸ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கடலூர் பஸ் கிளம்பிவிடும்.

என் பரிந்துரை 'கடவாளர்'. கடவுச்சொல், கடவுச்சீட்டு இரண்டும் ஏற்கெனவே ஊன்றிவிட்டன. கடவு என்றால் கடந்து போகும் வழி, அதை ஆள்கிறவர் கடவாளர். பிரெஞ்சுச் சொல்லுக்குக் கிட்ட வருகிறது. 'சாவடியாளர்' என்றும் யோசித்தேன், ஆனால் சாவடி என்றால் நம் மக்களுக்கு வரி வாங்கும் அரசாங்கம்தான் நினைவுக்கு வரும். இங்கே அரசாங்கம் எதிர்ப்பக்கத்தில் அல்லவா நிற்கிறது?

கடலூரிலிருந்து:

ஐயா, பிரெஞ்சுத் தகவலுக்கு நன்றி, பட்டியலின் அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

கடவாளர் அழகான சொல்தான். ஆனால் என் காதுக்குக் 'கடவுள்' பக்கத்தில் ஒலிக்கிறது. ஆப்பிளைக் கடவுளாக நினைப்பவர்கள் ஏற்கெனவே போதும்.

நான் இரண்டு நாளாக அசைபோடும் சொல் மதகு. என் பிறந்த ஊர் பெருமாள் ஏரிப் பக்கம். ஏரியில் தண்ணீர் ததும்பும், ஆயக்கட்டில் வயல் காயும், நடுவில் இருப்பது மதகுப் பலகை ஒன்றுதான். அதைத் தூக்குகிறவர் நினைத்தால்தான் பயிர். மதகில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொந்த வயல் இருந்தால் முதல் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதே இல்லை. என் தாத்தா சொல்லுவார்: தண்ணீர் விடுகிறவனுக்கு அந்த வாய்க்காலில் நிலம் இருக்கக்கூடாது, இருந்தால் ஊர் இரண்டாகும். ஐரோப்பியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் பாதி இந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது: உன் தளத்தில் உன் பொருளையே மேலே காட்டாதே, அடுத்தவன் விற்பனைக் கணக்கைப் பார்த்து அவனுக்கே போட்டியாக இறங்காதே.

முதலில் 'மடையாளர்' என்று எழுதினேன். மடை இன்னும் பழைய சொல். ஆனால் மடையர் என்பது இன்று வேறு பொருளில் புழங்குகிறது, வகுப்பில் சொன்னால் அன்றைக்குப் பாடம் நடந்த மாதிரிதான். அதனால் மதகாளர், அல்லது மதகு நிறுவனம்.

பாகூரிலிருந்து:

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் ஏரிப்பாசனம்தான், பாகூர் ஏரி. அதனாலேயே எனக்கு இந்த உவமையில் ஒரு நெருடல். ஏரி ஊருக்குப் பொது. அரசன் வெட்டினான், ஊர் தூர்வாரியது. கூகுள் தேடலை யார் வெட்டினார்? அவர்களே காசு போட்டு, ஆள் வைத்துக் கட்டினார்கள். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், ஒரு தளத்தைக் கட்டி எழுப்புவது எவ்வளவு பாடு என்று தெரியும். 'மதகு' என்றதும் 'பொதுச் சொத்தை வளைத்துப்போட்டவர்' என்ற தீர்ப்பும் சொல்லோடு சேர்ந்து வந்துவிடுகிறது. கலைச்சொல் குற்றம் சாட்டக்கூடாது. சட்டத்தில்கூட கேட்கீப்பராக இருப்பது குற்றமில்லை, பெரிய ஆளாக இருப்பதால் வரும் கூடுதல் கடமை மட்டும்தான்.

நம் மசோதா வரைவிலும் இதே சண்டை இருக்கிறது. இந்தியாவில் ஒரு கோடி பயனர் அல்லது 10,000 வணிகப் பயனர், அதோடு 4,000 கோடி ரூபாய் வருவாய் போன்ற பண அளவு என்று வைத்தால், வெளிநாட்டு யானைகளோடு நம் ஊரில் இப்போதுதான் வளரும் கன்றுகளும் மாட்டும் என்று தொழில்துறையில் குரல் எழுந்தது. கன்றையும் மதகாளர் என்பீர்களா?

என் ஓட்டு ஐயாவின் கடவாளருக்கு. காதுக்கு எப்படியோ, சொல் யார் பக்கமும் சாயவில்லை.

புதுச்சேரியிலிருந்து:

தம்பி சொல்வதில் பாதி சரி. மதகு பொதுச் சொத்தைச் சுட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தளத்தில் ஓடும் தண்ணீர் எது? வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும்தான். கரையை நிறுவனம் கட்டியது, தண்ணீர் ஊரார்.

இன்னொன்று. மதகு உவமையில் என் கடவாளரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது, அதைப் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன். முறைத்தண்ணீர். இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அடுத்த மடை என்று முதலிலேயே முறை வைத்துக்கொள்வது. இந்தச் சட்டங்களின் மையமே அதுதானே! பழைய போட்டிச் சட்டம், பயிர் காய்ந்த பிறகு பஞ்சாயத்து வைப்பது மாதிரி. கூகுள் தன் விலை ஒப்பீட்டுச் சேவையைத் தேடலில் மேலே தூக்கி வைத்த வழக்கைப் பாருங்கள்: ஐரோப்பிய ஆணையம் 2010இல் விசாரணையைத் தொடங்கியது, 2017இல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது, மேல்முறையீடெல்லாம் முடிந்து ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது 2024இல். 14 ஆண்டுகள். அதற்குள் எத்தனை சின்னக் கடை மூடியிருக்கும்? அதனால்தான் எக்ஸ்-ஆன்டி என்று முன்கூட்டியே விதி வைக்கிறார்கள். அதற்கு 'முன்முறை' என்று ஒரு சொல் இங்கேயே பிறந்துவிட்டது பாருங்கள்.

நம் ஊரிலும் பஞ்சாயத்து நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. அம்மாவின் நாத்தனார் கதை எந்தச் செயலியோடதோ, அது வேறு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 'எங்கள் செயலியை விட மலிவாக வேறெங்கும் அறை தராதே' என்னும் ஹோட்டல் விலைச் சமநிலை நிபந்தனைகளையும் ஆராய்ந்து, பயணப் பதிவு நிறுவனமான மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு ரூ. 223.48 கோடி அபராதம் விதித்தது. அதே வாரத்தில் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி. இரண்டும் காய்ந்த பிறகு வந்த தண்ணீர்தான்.

கடவாளரை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் போட்டி கடுமையாகிவிட்டது.

கடலூரிலிருந்து:

நேற்று வகுப்பில் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

குறிஞ்சிப்பாடி, வடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மதகு உடனே பிடிபட்டது. கடவாளர் என்றதும் ஒரு பெண் 'பாஸ்போர்ட் ஆபீசரா மிஸ்?' என்றாள். ஐயா மன்னிக்க வேண்டும்.

எனக்கு வெற்றி என்று நினைக்கும்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். முதுநகர்ப் பையன், அப்பாவுக்குப் படகு. 'மிஸ், மதகுன்னா என்ன?'

சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எங்க துறைமுகத்துல ஏலக்காரர் மாதிரி' என்றான். அவன் சொன்னது இது. வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க அப்பா ஏலக்காரரிடம் கடன் வாங்கியிருக்கிறார். அதனால் எந்த மீன் வந்தாலும் அவரிடம்தான் போட வேண்டும். பக்கத்தில் வேறொரு வியாபாரி கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கூடையை அந்தப் பக்கம் நகர்த்த முடியாது. 'அவரு நல்லவருதான் மிஸ், ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணாலும் பணம் தருவாரு. ஆனா கூடை அவர்கிட்டதான் எறங்கணும்.'

பண்ருட்டிப் பிள்ளைகள் உடனே கூச்சல்: பலா மண்டியிலும் முன்பணம் இப்படித்தான் என்று. மணி அடிக்கும்வரை நான் பாடம் நடத்தவே இல்லை, அவர்கள்தான் நடத்தினார்கள்.

பாகூர்த் தம்பிக்குப் பதில் அந்தப் பையனிடமே இருக்கிறது. ஏலக்காரர் சொந்தக் காசு போட்டவர், நல்லவரும்கூட. யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனாலும் கூடை நகரவில்லை. சொந்தமாகக் கட்டினது என்பதால் நிலைமை மாறிவிடவில்லை. கன்றைப் பற்றி நீங்கள் கேட்டது மட்டும் நியாயமான கேள்வி, அதற்கு அளவுகோலைத் திருத்த வேண்டும், சொல்லை இல்லை.

சொல் குற்றம் சாட்டக்கூடாது என்பதையும் ஏற்கிறேன். அதனால் 'மதகாளர்' என்று ஆளாக்காமல் 'மதகு நிறுவனம்' என்றே வைக்கிறேன். விளக்கம் இப்படி:

மதகு நிறுவனம்: விற்பவரும் வாங்குபவரும் தன் வழியாகவே பெரும்பாலும் ஒருவரையொருவர் அடைய வேண்டியிருக்கும் அளவுக்குப் பெருத்து, அந்த வழியைத் திறக்கவும் அடைக்கவும் வல்லதாக இருக்கும் இணைய நிறுவனம்.

கூடவே ஏலக்காரர் எடுத்துக்காட்டையும் போடுகிறேன், கடற்கரைப் பிள்ளைகளுக்காக. எக்ஸ்-ஆன்டிக்கு ஐயாவின் 'முன்முறை'. தன் தளத்தில் தன் பொருளையே மேலே காட்டும் செல்ஃப்-பிரிஃபரன்சிங்குக்கு நான் 'தன்முன்னுரிமை' என்று எழுதி வைத்திருந்தேன். பாஸ்போர்ட் ஆபீசர் என்று கேட்ட அதே பெண் 'தன்வயல் பாய்ச்சல்னு சொல்லலாமே மிஸ்' என்றாள். பட்டியலில் இரண்டையும் போட்டுவிட்டேன், அவளுடையது முதலில்.

அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கிறது. ஆன்டி-ஸ்டியரிங் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது: 'வெளியே இதைவிட மலிவாகக் கிடைக்கும்' என்று விற்பவர் தன் வாடிக்கையாளரிடமே சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டும் நிபந்தனை. 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விழுந்தது இதற்குத்தான். 'வாய்ப்பூட்டு' என்று தோன்றுகிறது, ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு இருக்கிறது. யாராவது கை கொடுங்கள்.