மறு: ஆர்கானிக் லா: "இடைநிலைச் சட்டம்" வேண்டாமே

நண்பர்களே,

பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் அரசமைப்பே சில விஷயங்களை ஒதுக்கி, தனி நடைமுறையில் இயற்றச் சொல்லும் சட்டம்தான் ஆர்கானிக் லா (organic law). அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் நம் பேச்சு. வேதியியல் வாடை அடிக்கும் "கரிமச் சட்டம்" பொருந்தாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். ஆனால் பலரும் ஆதரிக்கும் "இடைநிலைச் சட்டம்" எனக்கு உடன்பாடில்லை. அரசமைப்புக்குக் கீழே, சாதாரணச் சட்டத்துக்கு மேலே என்று ஒரு படியைப் பெயரிலேயே அடித்துவிடுகிறது. அப்படி ஒரு படி இருக்கிறதா என்பதே சர்ச்சை.

பிரான்ஸில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது 1958 அரசமைப்பில் இருக்கிறது. வேட்பாளருக்கு 500 மக்கள் பிரதிநிதிகளின் கையொப்பம் வேண்டும் என்பது அதில் இல்லை, 1976இல் வந்த ஓர் ஆர்கானிக் சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த அரசமைப்பின் உறுப்பு 46இன்படி, இப்படிப்பட்ட சட்டத்தில் இரு அவைகளும் ஒத்துப்போகவில்லை என்றால் கீழவையான தேசியப் பேரவை தன் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோடு, அதாவது இன்றைய 577 பேரில் 289 பேரோடுதான், இறுதியாக நிறைவேற்ற முடியும். மேலவையான செனட் தொடர்பானது என்றால் இரு அவையும் ஒரே வாசகத்தை ஏற்றாக வேண்டும். அப்புறம், யாரும் கேட்காவிட்டாலும், சட்டம் அரசமைப்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் அரசமைப்பு மன்றத்தின் ஆய்வு கட்டாயம்.

ஸ்பெயின் வேறு மாதிரி. 1978 அரசமைப்பின் உறுப்பு 81 அடிப்படை உரிமைகள், மாநிலங்கள் போன்ற தன்னாட்சிப் பகுதிகளின் சாசனங்கள், பொதுத் தேர்தல் முறை போன்றவற்றை இந்த வகைக்கு ஒதுக்கி, கீழவையின் 350 பேரில் 176 பேர் ஆதரவு கேட்கிறது. கண்டதையெல்லாம் இதற்குள் போட்டு நாளைய சாதாரணப் பெரும்பான்மையின் கையைக் கட்டிவிட முடியாது என்று அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம் 1981இல் சொல்லிவிட்டது. ஒதுக்கிய விஷயத்துக்குள் இருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. பிரான்ஸிலும் விஷயத்தை மீறி உள்ளே புகுந்த வரிகளைச் சாதாரணச் சட்டம் என்றே அரசமைப்பு மன்றம் வகைப்படுத்துகிறது. ஆக, பலம் வருவது விஷயத்தாலும் நடைமுறையாலும். உயரம் என்று சொன்னால் பாதிதான் உண்மை.

"உறுப்புச் சட்டம்" நல்ல முயற்சி, ஆனால் நம் அரசமைப்பின் தமிழ்ப் பதிப்பில் ஆர்ட்டிகிளுக்கே உறுப்பு என்று பெயர்; "உறுப்பு 46 சொல்லும் உறுப்புச் சட்டம்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? "அடிப்படைச் சட்டம்" ஜெர்மனியின் அரசமைப்புக்கே போய்விட்டது. "துணைச் சட்டம்" என்றால் துறைகள் போடும் விதிகள்போல் தொனிக்கும்.

என் பரிந்துரை "அரசமைப்பு விரிவுச் சட்டம்", சுருக்கமாக "விரிவுச் சட்டம்". அரசமைப்பு ஒரு வரியில் சொன்னதை விரித்து எழுதும் சட்டம். இரு நாடுகளுக்கும் பொருந்துகிறது, தரவரிசைச் சண்டையில் பக்கம் சாயவில்லை. ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியாவின் சாசனத்தை "விரிவுச் சட்டம் 6/2006" என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. "விரிவாக்கம்" என்று மட்டும் மாற்ற வேண்டாம், அது திருத்தம்போல் ஒலிக்கிறது. மறுப்பு இருந்தால் ஒரு முழு வாக்கியத்தில் போட்டுக் காட்டுங்கள், தனிச் சொல்லாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.