ஜிபிஏ 2.84, எல்சாட் 151: லா ஸ்கூலுக்கு இந்த வருடமே விண்ணப்பம் போடுவதா, காத்திருப்பதா?

கயல்_டி
வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். அமெரிக்காவிலேயே படித்தவன், வயது 25. கல்லூரியில் முதல் இரண்டு வருடம் டாக்டராகப் போகிறேன் என்று கெமிஸ்ட்ரியில் விழுந்து புரண்டான். அப்புறம் வரலாற்றுக்கு மாறி 2023-ல் பட்டம் வாங்கினான். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு குடியேற்ற வக்கீல் அலுவலகத்தில் வேலை. லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட் ஒரே தடவை எழுதினான், 151. கல்லூரி மதிப்பெண்களின் சராசரியான ஜிபிஏ 3.1 என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. எல்சாட் நடத்தும் எல்எஸ்ஏசி 2.84 என்கிறது. இது எப்படி என்றே எங்களுக்குப் புரியவில்லை. பிப்ரவரி வந்துவிட்டது. இந்த ஆகஸ்டில் கிடைத்த லா ஸ்கூலில் சேரட்டுமா, மறுபடி எழுதி அடுத்த வருடம் போடட்டுமா? வீட்டில் இரண்டு கட்சி.

கூட்டல்கழித்தல்
தம்பி ஏறக்குறைய 11 கிரெடிட் (பாடத்தின் எடை) அளவுக்கு எஃப் வாங்கி, அந்தப் பாடங்களை மறுபடி படித்துத் தேறியிருக்கிறாரா?

கயல்_டி
ஐயோ, எப்படித் தெரியும்? கெமிஸ்ட்ரி 4, கால்குலஸ் 3, ஆர்கானிக் 4. சரியாக 11.

கூட்டல்கழித்தல்
ஜோசியம் இல்லை. 120 கிரெடிட்டுக்கு 3.1 என்றால் 372 புள்ளி. மறுபடி படித்தால் பல கல்லூரிகள் பழைய எஃப்-ஐக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். எல்எஸ்ஏசி எடுக்காது. ட்ரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) பழைய கிரேடும் கிரெடிட்டும் தெரிந்தால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். 120-ஓடு அந்த 11-ஐயும் சேர்த்தால் 131. எஃப்-க்குப் புள்ளி கிடையாது. 372-ஐ 131-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.84.

இன்னொன்று, முதல் பட்டத்துக்குப் பிறகு வாங்கும் எந்த மதிப்பெண்ணும் இந்த எண்ணில் சேராது. மாஸ்டர்ஸ் படித்து ஜிபிஏவைத் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 2.84 கல்வெட்டு. மாற்றக்கூடியது எல்சாட் மட்டும்தான், அதனால் காத்திருங்கள். ஐந்து வருடத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை எழுதலாம். தம்பி ஒன்றுதான் செலவழித்திருக்கிறார். பழைய மதிப்பெண்களும் கல்லூரியின் கண்ணில் படும், ஆனால் மீடியன் (சேர்ந்தவர்களின் நடு மதிப்பெண்) கணக்கில் அவர்கள் காட்டுவது ஒருவரின் உயர்ந்த மதிப்பெண்ணைத்தான். எல்சாட் மீடியன் 158 உள்ள கல்லூரியில் 151-ஓடு போனால் இரண்டு எண்ணையும் கீழே இழுக்கிற ஆள். 160-ஓடு போனால் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கிற ஆள். இந்த வகைக்கு 'ஸ்ப்ளிட்டர்' என்று தனிப் பெயரே உண்டு. சேர்க்கை அலுவலகம் அவரை வேறு கண்ணால் பார்க்கும்.

நள்ளிரவு_வக்கீல்
மறுக்கிறேன். 'மறுபடி எழுது' என்று சொல்கிறவர்கள் எல்லோரும் மதிப்பெண் தானாக ஏறும் என்று வைத்துக்கொள்கிறார்கள். நான் மூன்று முறை எழுதினேன்: 149, 151, 150. அந்தப் பதினாறு மாதத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. கடைசியில் பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று நாலு வருடம் படித்தேன். ஒன்பது வருடமாகக் குற்றவழக்கு வக்கீல். ஒரு நீதிபதியும் என்னிடம் எல்சாட் மதிப்பெண் கேட்டதில்லை.

தம்பிக்கு அலுவலக அனுபவம் இருக்கிறது. அதை எழுதச் சொல்லுங்கள். எஃப்-க்கு ஒரு அடெண்டம், அதாவது விண்ணப்பத்தோடு ஒரு சின்ன விளக்கக் குறிப்பு, வைக்கச் சொல்லுங்கள். இந்த வருடமே போடட்டும்.

கூட்டல்கழித்தல்
நீங்கள் நன்றாக வந்தீர்கள், மகிழ்ச்சி. உங்கள் வகுப்பில் உங்களோடு சேர்ந்து, பார் தேர்வு (வக்கீல் உரிமத் தேர்வு) தேறாமல் கடனோடு நின்றவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள், அவ்வளவுதான்.

கடன் என்றதும் ஒன்று. ஜூலை 1, 2026 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு, மேற்படிப்புக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சட்டம் மாதிரியான தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர், அதோடு சரி. கட்டணமும் வாடகையும் அதைத் தாண்டினால் தனியார் வங்கிதான். அங்கே இணைக் கையெழுத்துக்கு யாரைத் தேடுவார்கள்? கயலின் அப்பாவைத்தான். 151-க்கு ஸ்காலர்ஷிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நாலைந்து மதிப்பெண் ஏறினால் கையில் நிற்கும் பணமே வேறு.

மாலதி_எஸ்
ஸ்காலர்ஷிப் என்ற பேச்சு வந்ததால் நுழைகிறேன். எனக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி தந்தார்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் 'ஜிபிஏ 3.0-க்குக் குறையாமல் இருந்தால்' என்று ஒரு வரி. 3.0 என்ன பெரிய மலையா என்று கையெழுத்துப் போட்டேன். லா ஸ்கூலில் முதல் வருடம் கர்வ் வைத்துத்தான், அதாவது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான், மதிப்பெண் போடுவார்கள் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. வகுப்பின் நடு மாணவருக்கே 2.8 என்று வைத்தால், பாதி வகுப்புக்கு மேல் ஸ்காலர்ஷிப்பை இழக்கும் என்று முதல் நாளே தீர்மானித்த மாதிரி. நான் 2.91. போயிற்று. மீதி இரண்டு வருடம் முழுக் கட்டணம்.

அமெரிக்கன் பார் அசோசியேஷனின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் '509 அறிக்கை' என்று ஒன்று வெளியிட வேண்டும். மீடியன் பார்க்க மட்டும் அதைத் திறக்காதீர்கள். நிபந்தனையோடு ஸ்காலர்ஷிப் வாங்கியவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குக் குறைந்தது அல்லது நின்றது என்று ஒரு அட்டவணை இருக்கும். முதல் வருடத்தோடு வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்பதும் இருக்கும். என் கல்லூரியின் அறிக்கையை நான் சேர்ந்த பிறகுதான் படித்தேன். அதில் எல்லாமே இருந்தது.

நள்ளிரவு_வக்கீல்
மாலதி சொல்வது நியாயம். அது இந்த வருடம் போடக்கூடாது என்பதற்குக் காரணம் ஆகாது. கடிதத்தை முழுக்கப் படிக்க வேண்டும் என்பதற்குக் காரணம். நிபந்தனை இல்லாமல் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன.

வேலிஓணான்
லா ஸ்கூலே எதற்கு? கலிஃபோர்னியாவில் ஒரு வக்கீலிடம் நாலு வருடம் படித்துவிட்டு பார் தேர்வு எழுதலாமே. கிம் கர்தாஷியன் அந்த வழியில்தான் போனார்!

மாலதி_எஸ்
நடுவில் வரும் 'பேபி பார்' தேர்வை அவர் 2021-ல் நாலாவது முயற்சியில் தேறினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்கு இருந்த ஆள்பலம் நமக்கு ஏது? அந்த வழியில் வந்தவரைப் பல மாநிலங்கள் பார் தேர்வு எழுதவே விடாது.

வேலிஓணான்
சரி சரி. ஆனால் ஒன்று உருப்படியாகச் சொல்கிறேன். குடியேற்ற வழக்கில், அமெரிக்க அரசின் நீதித் துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) அனுமதி பெற்ற லாப நோக்கற்ற அமைப்புகளில், வக்கீல் அல்லாதவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி' ஆகி வாதாடலாம். காத்திருக்கும் வருடத்தில் தம்பி அதைப் பார்க்கலாம்.

கயல்_டி
எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் காட்டினேன். அடெண்டம் ஏற்கெனவே எழுதியிருக்கிறானாம்: இரண்டு பக்கம்! அப்பாவின் ஆசை, பேராசிரியரின் உச்சரிப்பு, அறைத் தோழனின் குறட்டை எல்லாம் இருக்கிறது.

நள்ளிரவு_வக்கீல்
குறட்டையை முதலில் தூக்குங்கள். அடெண்டம் அழுவதற்கான இடம் இல்லை. '2019, 2020 இலையுதிர் பருவங்களில் மூன்று பாடங்களில் தவறினேன். விருப்பமில்லாத துறையில் இருந்தேன், உதவியும் கேட்கவில்லை. மூன்றையும் மறுபடி படித்துத் தேறினேன். துறை மாறிய பிறகு என் சராசரி இது.' இவ்வளவு போதும். படிக்கிறவர் அரை நிமிடத்தில் அடுத்த தாளுக்குப் போய்விட வேண்டும்.

தன்னைப் பற்றிய கட்டுரை வேறு. அங்கே அலுவலகத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவம் வேண்டும். இருக்கிறதா?

கயல்_டி
ஒன்று இருக்கிறது. ஒருவரின் வாக்குமூலத்தில் வரும் 'மாமா'வை ஒரு மொழிபெயர்ப்பாளர் தாய்மாமன் என்றும், இன்னொருவர் மாமனார் என்றும் எழுதிவிட்டார்கள். அதிகாரி அதை முரண்பாடு என்று குறித்துவிட்டார். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. தம்பிதான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது ஒரே சொல் என்று கண்டுபிடித்தான்.

கூட்டல்கழித்தல்
இதுதான் கட்டுரை. ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம், வழக்கு ரகசியம். ஆனால் பாருங்கள், இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்து ஓட்டையைப் பிடிப்பதைத்தான் எல்சாட்டும் கேட்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி இல்லை. தர்க்கப் பகுதி இரண்டும் வாசிப்புப் பகுதி ஒன்றும்தான் மதிப்பெண்ணுக்கு. இந்தக் கண் உள்ளவருக்கு 151 குறைவு. அதனால்தான் மறுபடி எழுதச் சொல்கிறேன்.

நள்ளிரவு_வக்கீல்
அதே காரணத்தால்தான் நான் இப்போதே போடச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை ஒரு வருடம் பெட்டியில் பூட்டி வைக்கவா? இரண்டு இடத்துக்காவது போடட்டும். கிடைத்தால் சேர வேண்டும் என்று கட்டாயமா?

கயல்_டி
அவனும் அப்படித்தான் யோசிக்கிறான். மாலை வகுப்புள்ள இரண்டு கல்லூரிக்கு இந்த வாரம் அனுப்புகிறான், ஜூன் எல்சாட்டுக்கும் பதிவு செய்யப் போகிறான். அடெண்டம் ஐந்து வரிக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்சி அப்பாதான். '180-க்கு 151 நல்ல மார்க்தானே, எதற்கு மறுபடி?' என்பது அவர் வாதம். அந்த அளவுகோல் 120-லிருந்துதான் தொடங்குகிறது, 151 நடுவுக்குக் கொஞ்சம் கீழே என்று நேற்று விளக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ இவன் வாங்கினது 31-ஆ?"