புயல் சீசனுக்கு வீட்டுல என்னென்ன ரிப்பேர் சாமான் வாங்கி வெக்கணும்? (பட்டுக்கோட்டை பக்கம், ஓட்டு வீடு)

பட்டுக்கோட்டை_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன், அம்மா அப்பா மட்டும் ஊர்ல இருக்காங்க. பட்டுக்கோட்டையிலேர்ந்து உள்ள தள்ளி ஒரு கிராமம், முன்பக்கம் சீமை ஓடு, பின்னாடி அடுப்படியும் மாட்டுக்கொட்டகையும் சிமெண்ட் ஷீட். 2018ல கஜா அடிச்சப்ப பின்பக்க ஷீட்டு பாதி பறந்துடுச்சு, தென்னை சாஞ்சு வாசப்பாதை அடைச்சுடுச்சு, கரண்ட் வர வாரக்கணக்கா ஆச்சு. அதவிட கொடுமை என்னன்னா மறுநாள் கடைத்தெருவுல தார்ப்பாய், கயிறு, ஆணி, மெழுகுவர்த்தி எதுவுமே இல்ல, இருந்தவன் சொன்னதுதான் விலை.

இந்த தீபாவளிக்கு போறப்ப எல்லாத்தையும் வாங்கி வெச்சுட்டு வந்துடலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல 100 பீஸ் டூல் கிட்னு பெட்டியோட வருதே அது போதுமா, இல்ல தனித்தனியா வாங்கணுமா? அப்பாவுக்கு அறுபது தாண்டிருச்சு, கை வேலை நல்லா தெரியும், ஆனா ஏணி ஏற விடமாட்டோம். பட்ஜெட் ஒரு 5000 வரைக்கும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வேதாரண்யம்_விவசாயி:

தம்பி அந்த 100 பீஸ் பெட்டிய விட்ருங்க, அதுல முக்காவாசி சின்ன சின்ன பிட்டுதான் இருக்கும், நம்ம வீட்டுக்கு அதுல வேலையே இல்ல. கஜா எங்க ஊர் வழியாத்தான் கரை ஏறுச்சு, நவம்பர் 16 விடியக்காலை. அதுக்கப்புறம் எங்க தெருவுல கையில எடுத்த சாமான் எதுன்னு பாத்தா அருவா, கோடாரி, கடப்பாரை, மம்புட்டி, கயிறு, தார்ப்பாய், கட்டுக்கம்பி, கட்டிங் பிளேயர், சுத்தி, அவ்வளவுதான். பாதி உங்க அப்பாகிட்ட ஏற்கனவே இருக்கும், அருவாளுக்கும் கோடாரிக்கும் சாணை பிடிச்சு பிடி ஆடாம இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க.

காசு செலவு பண்ண வேண்டியது தார்ப்பாய்லதான். பந்தலுக்கு போடுற மெல்லிசு நீலக்கலர் ஷீட்டு வாங்கவே வாங்காதீங்க, ஒரு காத்துக்கு கிழிஞ்சு கொடி மாதிரி ஆடும். நெல்லு மூட்ற கனமான சில்பாலின் கேளுங்க, 200 ஜிஎஸ்எம்க்கு (ஒரு சதுர மீட்டர் ஷீட்டோட எடை, கிராம்ல) குறையாம, ஓரத்துல கயிறு கோக்குற கண்ணு வெச்சதா பாருங்க. ஆனா அந்த கண்ணுல மட்டும் கயிறு போட்டு கட்டினா காத்து இழுக்குறப்ப கண்ணோட பிச்சுக்கிட்டு வந்துடும். நாங்க என்ன பண்ணுவோம்னா ஓரத்த ஒரு சவுக்கு கம்புல ரெண்டு சுத்து சுத்தி, அந்த கம்போட சேர்த்து கயிறு போட்டு கீழ தூண்ல இழுத்து கட்டிடுவோம், அப்ப இழுவை ஒரே இடத்துல விழாது. மேல செங்கல்லு, டயர் எல்லாம் தூக்கி வெக்கிறாங்க, அது வேணாம், அடுத்த காத்துல அது யார் தலையிலயாவது விழும். மணல் மூட்டைய கயித்துல கட்டி ரெண்டு பக்கமும் தொங்க விட்டா போதும்.

சிமெண்ட் ஷீட்ட கூரை சட்டத்தோட பிடிக்கிற ஜே போல்ட் (கொக்கி மாதிரி வளைஞ்சது), அதோட தார் வாஷர், ஒரு டஜன் வாங்கி வெச்சுக்கங்க. ஸ்பேனர் வாங்குறப்ப கடையிலயே அந்த நட்டுல போட்டு பாத்து வாங்குங்க. அதவிட முக்கியம், மழைக்கு முன்னாடியே ஒரு ஆள விட்டு இப்ப இருக்குற போல்ட் எல்லாம் முடுக்கி, துரு புடிச்சத மாத்திடுங்க, ஷீட்டு பறக்குறது பெரும்பாலும் லூசான ஓரத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கும். ஓட்டுக்கு ஒரு இருபது சீமை ஓடு சுவரோரம் அடுக்கி வெச்சுடுங்க, அளவு கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால பழைய ஓடு ஒண்ண கையில எடுத்துட்டு போங்க.

இன்னொன்னு, அப்பாகிட்ட அழுத்தி சொல்லுங்க. புயலோட கண்ணு தலைக்கு மேல வர்றப்ப காத்து சுத்தமா நின்னுடும், முடிஞ்சிருச்சுனு நினைச்சு ஷீட்ட சரி பண்ண வெளிய வருவாங்க, கொஞ்ச நேரத்துல அப்படியே எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும். 2016ல வர்தா மெட்ராஸுக்கு மேல போனப்பவும் இதே கதைதான். ரேடியோவுல கடந்துருச்சுனு சொல்ற வரைக்கும் கதவ திறக்க வேணாம். இதுக்குத்தான் செல்லு போட்ட ரேடியோ ஒண்ணு கட்டாயம் வேணும், டவர் போயிட்டா போன் வெறும் டார்ச்தான்.

கடலூர்_வயர்மேன்:

மேல அண்ணன் சொன்னது எல்லாமே சரி. கரண்ட் சைடு நான் சொல்றேன், தானே புயல் வந்த 2011லேர்ந்து ஒவ்வொரு புயலுக்கும் இதே வேலைதான் பாக்குறேன்.

கிட்ல வேண்டியது: நல்ல டெஸ்டர் ஒண்ணு, பிடி ரப்பர் போட்ட கட்டிங் பிளேயர், திருப்புளி ரெண்டு, இன்சுலேஷன் டேப் ரெண்டு மூணு ரோல், உங்க வீட்டுல கிட்கேட் ஃபியூஸ்னா (கம்பி மாட்டுற பழைய பீங்கான் கட்டை) 5 ஆம்பியர், 15 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி. ஃபியூஸ் கம்பி இல்லனு வயர உரிச்சு தடிமனான செம்புக்கம்பிய போட்டுடுவாங்க, அப்படி போட்டா ஃபியூஸ் போக வேண்டிய இடத்துல வயரிங்கே எரியும். முடிஞ்சா ஒரு எலக்ட்ரீசியன வெச்சு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) மாட்டிடுங்க, இது 5000 பட்ஜெட்டுக்கு வெளிய போனாலும் பரவால்ல, ஈர சுவத்துல கை வெச்சு ஷாக் அடிக்கிற வீட்டுல இதுதான் உயிர காப்பாத்தும்.

இன்வெர்ட்டர் இருக்கா? இருந்தா இத கேளுங்க. மெயின ஆஃப் பண்ணிட்டா வீட்டுல கரண்டே இல்லனு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் தானா ஓட ஆரம்பிச்சு லைட் லைன்ல 230 வோல்ட் விட்டுக்கிட்டு இருக்கும். தண்ணி வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருந்தா மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணணும், அதுவும் தண்ணி வர்றதுக்கு முன்னாடி. தண்ணியில நின்னுக்கிட்டு மெயின் போர்ட தொடவே கூடாது. நனைஞ்ச போர்டு வெளிய காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள சுவிட்சுல சேறு இருக்கும், ஆள விட்டு கழட்டி பாக்காம போடாதீங்க.

அப்புறம் ஜெனரேட்டர். கஜா நேரத்துல வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டாந்து தெரு தெருவா டேங்க்ல தண்ணி ஏத்துனாங்க, நல்ல விஷயம். ஆனா ரெண்டு பக்கமும் பிளக் மாட்டுன ஒரு வயர செஞ்சு வீட்டு சாக்கெட்டுல சொருகுறாங்க பாருங்க, மெயின் ஆஃப் பண்ணலன்னா அந்த கரண்ட் மீட்டர் வழியா தெரு லைனுக்கு போயிடும், டிரான்ஸ்பார்மர்ல ஏறி ஹெச்டி, அதாவது உயர் அழுத்த கரண்ட் ஆயிடும். கம்பத்துல எங்கள மாதிரி ஒருத்தன் லைன் டெட்னு நினைச்சு வேலை பாத்துக்கிட்டு இருப்பான். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி லைன், ஜெனரேட்டர் ரெண்டுல ஒண்ணு மட்டும் வர்ற மாதிரி மாத்துறது) இல்லாம வீட்டு வயரிங்ல ஜெனரேட்டர் கொடுக்க வேணாம், மோட்டாருக்கு தனியா நேரா குடுங்க. ஜெனரேட்டர வெளியதான் வெக்கணும், புகை உள்ள தேங்குனா தூக்கத்துலயே ஆள் போயிடும்.

அறுந்து கிடக்குற கம்பிய கம்பால கூட ஒதுக்க வேணாம், மின்வாரிய புகார் மையம் மின்னகம் 94987 94987, இத சுவத்துலயே எழுதி வெச்சுடுங்க.

வேளச்சேரி_அக்கா:

தம்பி எங்களுக்கு காத்த விட தண்ணிதான் பிரச்சனை, 2015 சென்னை வெள்ளத்துலயும் பாத்தோம், 2023 மிக்ஜாம் புயல்லயும் பாத்தோம். உங்க ஊருக்கும் பொருந்துறத மட்டும் சொல்றேன்.

கேஸ் சிலிண்டர் மிதக்கும், நிறைஞ்ச 14.2 கிலோ சிலிண்டர் கூட மிதக்கும்ப்பா, மிதந்து போய் ட்யூப இழுத்து புடுங்கிடும். தண்ணி ஏறுதுன்னா ரெகுலேட்டர கழட்டி அந்த வெள்ளை மூடிய மாட்டி, ஜன்னல் கம்பியோட கயிறு போட்டு கட்டிடணும். அந்த மூடிய நிறைய பேர் தூக்கி போட்டுடுறாங்க, சிலிண்டர்லயே தொங்குதான்னு பாருங்க. கேஸ் லீக்னா 1906.

பைப் சாமானும் கிட்ல சேருங்க. மரம் விழுந்தா முதல்ல உடையிறது டேங்க்லேர்ந்து இறங்குற பைப்பு, ரொப்பி வெச்ச தண்ணி முழுக்க ஓடிடும். உங்க வீட்டு பைப்பு அரை இஞ்சா முக்காலா ஒண்ணான்னு பாத்து அந்த அளவுல எண்ட் கேப், கப்ளிங், ஒரு சின்ன டப்பா சால்வெண்ட் (பைப் ஒட்டுற பசை), டெஃப்லான் டேப், எம்சீல், ஹாக்ஸா பிளேடு. சால்வெண்ட் டப்பா ஒருதடவ திறந்தா கெட்டியாயிடும், அதனால பிரிக்காம வெச்சு வருஷா வருஷம் மாத்துங்க.

அப்பா மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தா பத்தாது, அம்மாவுக்கும் எது மெயின், எது டேங்க் வால்வு, ரெகுலேட்டர் எப்படி கழட்டுறதுனு கையால ஒருதடவ செய்ய வெச்சுட்டு வாங்க. எங்க வீட்டுல வால்வுக்கு பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கோம், சிவப்பு அடிச்சத திருகினா தண்ணி நிக்கும்னு சின்ன புள்ளைக்கும் தெரியும்.

பட்டுக்கோட்டை_மகன்:

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. இன்வெர்ட்டர் இருக்கு, தரையிலதான் இருக்கு, போனதும் முதல்ல அத ஸ்டாண்ட் போட்டு ஏத்திடுறேன். ரெண்டு சந்தேகம். பின்பக்க கூரை 12க்கு 15 அடி, எந்த சைஸ் தார்ப்பாய் எடுக்கணும்? சாமான எல்லாம் எதுல போட்டு வெக்கிறது, எங்க ஊர்ல உப்புக்காத்து, இரும்பு சாமான் ஒரே சீசன்ல துரு ஏறிடுது.

வேதாரண்யம்_விவசாயி:

18க்கு 24 எடுங்க தம்பி. பக்கத்துக்கு மூணு அடியாச்சும் கீழ மடங்கணும், அப்பத்தான் கம்புல சுத்தி கட்ட முடியும், சரியான அளவுல எடுத்தா ஓரத்துல தண்ணி உள்ள அடிக்கும்.

சாமானுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூடியோட, பெயிண்டர்கிட்ட கேட்டா சும்மாவே குடுப்பாங்க. இரும்பு எல்லாத்துக்கும் தேங்காண்ண இல்ல கிரீஸ் தடவி பழைய துணியில சுத்தி போடுங்க. டார்ச்சுக்குள்ள செல்லு போட்டு வெக்காதீங்க, ஒழுகி ஸ்பிரிங் அரிச்சுடும், தனியா கவர்ல போட்டு பக்கத்துலயே வைங்க. வாளிய பரண்ல ஏத்திடாதீங்க, அப்பா ஏணி ஏறக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, உள்கூடத்துல இடுப்பு உயரத்துல ஒரு பலகை அடிச்சு அதுல வைங்க.

தார்ப்பாய நெல்லு மூடுறதுக்கு எடுத்துட்டு போயிடாம பாத்துக்கங்க, எங்க வீட்டுல அதுக்கு தனியா ஒண்ணு வாங்கி குடுத்தப்புறம்தான் புயலுக்கு வெச்சது மூட்டைய விட்டு வெளிய வராம இருக்கு.