சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் குறைவா?

ஒலிவமரம்:
படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போய், "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று சொல்லிவிட்டு வருகிறார்களே, அது எந்த ஊர் நியாயம்? வியாதியும் அவருக்கு, பழியும் அவருக்கா?

சாட்சி:
பிரதர், நாமாகச் சொல்வதில்லை. பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசித்துக் கேளுங்கள், உண்டாகும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மாற்கு 11:24). சொந்த ஊரில் அவர் அநேக அற்புதங்களைச் செய்யாததற்கு அவர்களுடைய அவிசுவாசம்தான் காரணம் என்கிறது மத்தேயு 13:58. "தேவனுக்குச் சித்தமானால்" என்று இழுத்து ஜெபிப்பது தப்பித்துக்கொள்ளும் வழி.

ஒலிவமரம்:
அப்படியானால் சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் "உம்முடைய சித்தத்தின்படியே" என்று ஜெபித்த இயேசு? சரி, துரோப்பீமுவுக்கு வருவோம். அப்போஸ்தலன் பவுலோடு ஊழியப் பயணம் போனவர். பவுலின் உறுமால்களை, அதாவது கைக்குட்டைகளை, வியாதிக்காரர்மேல் கொண்டுபோய்ப் போட்டதற்கே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-இல் இருக்கிறது. அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார் (2 தீமோத்தேயு 4:20). விசுவாசக் குறைவு என்று ஒரு வார்த்தை இல்லை.

கேள்விக்குறி:
சபைக்குப் போவதை விட்டவன் நான், இருந்தாலும் கேட்கிறேன். சுகமானால் விசுவாசத்தின் பலன். ஆகாவிட்டால் பரலோக நம்பிக்கை. எப்படி விழுந்தாலும் ஜெயிப்பது நீங்கள்தானா?

ஒலிவமரம்:
இல்லை, தோற்கவும் இடமிருக்கிறது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், எல்லா மனுஷரைப்பார்க்கிலும் பரிதாபத்துக்குரியவர்கள் நாம்தான் என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15). எல்லாவற்றையும் அந்த ஒன்றின்மேல் வைக்கிறார், காய்ச்சல் இறங்குவதன்மேல் அல்ல. எபிரெயர் 11-இல் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். இரு சாராருக்கும் நற்சாட்சிதான்.

கேள்விக்குறி:
பவுல் துணிந்து சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கல்லறைக்குள் நான் இன்று எட்டிப்பார்க்க முடியாதே.

சாட்சி:
அதனால்தான் இன்றைக்கும் அற்புதம் வேண்டும் என்கிறேன்! எல்லாம் மறுமையில் என்று தள்ளிவைத்தால் ஜெபிக்கிறவனே இருக்கமாட்டான். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு 5:15 சொல்கிறதே.

ஒலிவமரம்:
எதிர்பார்க்காதே என்று நான் எங்கே சொன்னேன்? சிலையை வணங்காவிட்டால் சூளையில் போடுவேன் என்று ராஜா மிரட்டியபோது (தானியேல் 3), தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள் சாத்ராக்கும் மற்ற இருவரும். அதில் எது குறைவான விசுவாசம்? அப்புறம், நீங்கள் காட்டிய யாக்கோபுக்கு ஒரு வசனம் முன்னால் பாருங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கவேண்டும், ஜெபிப்பது அவர்கள். சுகம் வராவிட்டால் யாருடைய விசுவாசத்தை அளக்கவேண்டும், பிரதர்?

சாட்சி:
மூப்பர்களையும் கேட்கவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாற்கு 11:24-க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.