அப்பா ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டுற வேகம்): சென்னையில் 53, ரங்கூனில் 57. எதை நம்புறது?

தட்டோன் பொண்ணு:
அப்பாவுக்கு வயசு 62, சுகர் இருக்கு. மாசியில சென்னை போனப்போ கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய ரத்தக் கழிவு) 1.4, ஈஜிஎஃப்ஆர் 53. போன வாரம் ரங்கூன்ல எடுத்தா கிரியேட்டினின் 124, ஈஜிஎஃப்ஆர் 57! 124ஐப் பார்த்ததும் அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க. அப்பாவோ 57ஐப் பிடிச்சிக்கிட்டு, "ஏறியிருக்கு பாரு"ன்னு மறுபடி ங்கப்பியோட (உப்புப் போட்ட மீன் விழுது) சோத்துல உட்கார்ந்துட்டார்.

மோல்மேன் லேப்காரர்:
தங்கச்சி, ரெண்டு ரிப்போர்ட்டும் ஒண்ணுதான். சென்னையில மில்லிகிராம் கணக்கு, உங்க ரங்கூன் லேப்புல மைக்ரோமோல் கணக்கு. 1.4ஐ 88.4ஆல பெருக்குங்க, 124 வரும்.

ஈஜிஎஃப்ஆரை யாரும் அளக்கிறதில்லை. கிரியேட்டினின், வயசு, ஆணா பெண்ணா, இதை வச்சு மிஷின் போடுற கணக்கு அது. சிகேடி-எபின்னு ஒரு சூத்திரம், 2009ல வந்தது, 2021ல திருத்தினாங்க. ரெண்டுலயும் போட்டுப் பார்த்தேன்: அப்பாவுக்குப் பழசுல 53, புதுசுல 57. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அம்மா கண்ணைத் துடைச்சிக்கட்டும், அப்பா ங்கப்பியைக் குறைக்கட்டும்.

கிரியேட்டினின் சதையில இருந்து வர்றது. ஒடிசலான ஆளுக்குக் கிட்னி கெட்டாலும் நம்பர் அழகாத்தான் இருக்கும். முதல் நாள் ராத்திரி கறியை ஒரு பிடி பிடிச்சவருக்குக் கொஞ்சம் ஏத்திக் காட்டும். சந்தேகம்னா சதையை அவ்வளவா நம்பாத சிஸ்டேட்டின் சின்னு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு, காசுதான் கூட.

என் கவலை வேற. சுகர்காரர் ரிப்போர்ட்டுல மூத்திரத்துல போற அல்புமின் புரதத்தைக் காணோமே? காலையில முதல் மூத்திரம் கொடுத்து அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்க. ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினா கசியுதுன்னு அர்த்தம். ரத்தத்துல ஒண்ணும் தெரியாதப்பவே இது காட்டிக் கொடுத்துடும். ஈஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே மூணு மாசத்துக்கு மேல நிக்குது, அதனால டாக்டரைப் பார்த்தே ஆகணும். கசிவு இல்லேன்னா வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட், இருந்தா ரெண்டு மூணு.

பெகு ராசா:
அண்ணே, டஞ்ஞின்தீக் கொட்டை தின்னா கிட்னிக்கு நல்லதுன்னு பாட்டி சொல்லும்?

மோல்மேன் லேப்காரர்:
அந்த நாத்தக் கொட்டையா! பச்சையா நிறையத் தின்னுட்டு இடுப்பு வலி, மூத்திரத்துல ரத்தம்னு வந்தவங்களைப் பார்த்திருக்கேன் தம்பி. அதுல இருக்கிற அமிலம் ஊசி ஊசியா உறைஞ்சு மூத்திரப் பாதையை அடைச்சிடும். பாட்டி காதுல போட்டு வைங்க.

தட்டோன் பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணே. ரங்கூன் ரிப்போர்ட் அடியில பொடி எழுத்துல 2021ன்னுதான் இருக்கு. அப்பா முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுறார், டாக்டர்கிட்ட அதையும் சொல்லணுமா?

மோல்மேன் லேப்காரர்:
அதைத்தான் முதல்ல சொல்லணும். கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கிற மாத்திரை அது. அட்டையையே கையில எடுத்துட்டுப் போங்க.