கம்பைலர் ஒழுங்காக ஆப்டிமைஸ் பண்ணாதபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

என் அனுபவத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். கம்பைலர் என்றால் நாம் எழுதும் கோடை சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், ஆப்டிமைஸ் என்றால் அந்தக் கட்டளைகளைச் சிறிதாக, வேகமாக ஆக்குவது. 8 பிட் மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளுக்குள் இருக்கும் குட்டிக் கணினி சிப்) ஒன்றுக்கு ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே இருக்கும் புரோகிராம், எழுதும் வேலை. சிப் தயாரித்தவர்களே கொடுத்த கம்பைலர்தான், ஆனால் இலவசப் பதிப்பு என்பதால் ஆப்டிமைசேஷனை வேண்டுமென்றே மட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே புரோகிராமை வைக்கும் ஃப்ளாஷ் மெமரி நிரம்பிவிட்டது. குழுவில் ஆளுக்கொரு யோசனை: பெரிய சிப்புக்குப் போகலாம், சில வசதிகளைத் தூக்கிவிடலாம், முக்கியமான பகுதிகளை அசெம்பிளியில், அதாவது சிப்பின் கட்டளைகளாகவே, எழுதிவிடலாம். எதைச் செய்வதானாலும் முதலில் கம்பைலர் என்னதான் எழுதித் தருகிறது என்று பார்த்துவிடுவோம் என்று லிஸ்டிங் ஃபைலைத் திறந்தோம்.

ஸ்ட்ரக்ட்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) இருக்கும் அதே ஒரு மதிப்பை, அடுத்தடுத்த சில வரிகளுக்குள் மூன்று தடவை மெமரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. லூப் மாறி 'இன்ட்' என்று இருந்ததால் 16 பிட். 8 பிட் சிப்பில் அதைக் கூட்டுவதும் ஒப்பிடுவதும் இரண்டிரண்டு பைட்டாக நடக்க வேண்டும், சுற்று நூறைத் தாண்டாது என்றாலும் கூட. எல்லாவற்றையும் விட மோசம் ரிங் பஃபர், கடைசி இடத்துக்குப் பின் மறுபடி முதலிடத்துக்கே சுற்றி வரும் வரிசை. அதன் அளவு 20, அதனால் 20 ஆல் வகுத்து மீதி எடுக்கும் ஒரு வரி. அந்த சிப்பில் வகுத்தலுக்கு இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது என்பதால் அந்த ஒற்றை வரிக்காக நூலகத்திலிருந்து முழு வகுத்தல் ரொட்டீனும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பஃபரை 16 ஆக்கி, மீதிக்குப் பதில் 15 உடன் பிட் பிட்டாக ஒரு ஆண்ட் (AND) போட்டோம் (16 இரண்டின் அடுக்கு என்பதால் விடை அதேதான்), ரொட்டீன் காணாமல் போனது. ஸ்ட்ரக்ட் மதிப்பை லோக்கல் மாறியில் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டோம், லூப் மாறிகளை 8 பிட் ஆக்கினோம். இதெல்லாம் நல்ல கம்பைலர் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும் வேலைதான், ஆனாலும் அசெம்பிளியில் ஒரு வரிகூட எழுதாமல் எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது.

அப்புறம் அதே சிப்புக்கு ஜிசிசி (GCC) என்ற இலவச கம்பைலர் இருந்ததால் அதற்கே மாறினோம், அளவைக் குறைக்கச் சொல்லும் -Os கொடியோடு (கொடி என்பது கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பம்). உடனே ஒரு இடத்தில் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) வந்தால் மாறும் ஒரு மாறியை, எங்கள் கைக்கு வருமுன்பே எழுதப்பட்ட கோடில், வாலட்டைல் (எப்போது வேண்டுமானாலும் மாறலாம், ஒவ்வொரு முறையும் மெமரியில் பார்) என்று அறிவிக்கவில்லை. பழைய கம்பைலர் ஒவ்வொரு முறையும் மெமரியைப் போய்ப் பார்த்ததால் பிழை வெளியே தெரியவே இல்லை. ஜிசிசி ஒரு தடவை படித்து சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு காத்திருந்தது, காத்துக்கொண்டே இருந்தது. கம்பைலர் மாற்றுகிறவர்கள் இந்த மாதிரிப் பிழைகளுக்கென்று நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும், முதல் நாளே வேகம் எவ்வளவு கூடியது என்று அளக்க உட்காரக் கூடாது.

—

மேலே எழுதியவர் சொன்னது சின்ன சிப். நான் இருப்பது சர்வர் பக்கம், இங்கே சண்டை வேறு. ஒரே கோடு, இரண்டிலும் ஓ2 (ஆப்டிமைசேஷன் நிலை, ஓ3 அதற்கும் மேல்), கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் கட்டியது ஜிசிசியில் கட்டியதை விட வேகம். உடனே ஜிசிசி மட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விஷயம் இதுதான்: கிளாங் ஓ2விலேயே லூப்களை வெக்டரைஸ் செய்யும், அதாவது ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிட வைக்கும், ஜிசிசி முன்பு ஓ3 கொடுத்தால்தான் செய்தது, 2022இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் ஓ2வுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள், அதுவும் ரொம்ப சிக்கனமாக. எங்களிடம் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு. ஓ3 போட்டதும் பெரும்பாலான வித்தியாசம் போய்விட்டது.

ஆனால் ஒரு லூப் மட்டும் இரண்டிலுமே மசியவில்லை. ஃப்ளோட் எண்களைக் கூட்டும் லூப். தசம எண்களை எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து கடைசி இலக்கங்கள் மாறும், அதனால் நம் அனுமதி இல்லாமல் கம்பைலர் வரிசையைக் கலைக்காது. அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் திட்டாதீர்கள், அது நமக்குச் செய்யும் நன்மை. ஃபாஸ்ட் மேத் கொடியைப் போட்டால் கலைக்கும், ஆனால் நேன் (NaN, எண் அல்லாத விடை) மதிப்பே வராது என்றும் அது எடுத்துக்கொள்ளும், நேன் வந்திருக்கிறதா என்று நாம் பார்க்கும் சோதனையையே தூக்கிவிடலாம். அந்த வம்பு வேண்டாம் என்று நான்கு மாறிகளில் தனித்தனியாகக் கூட்டி முடிவில் சேர்த்தோம். எந்த வரிசை என்பதை நாமே எழுதிவிட்டதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே விடை.

—

இன்னொன்று சேர்க்கிறேன். இரண்டு பாயிண்டர்கள் (மெமரி முகவரிகள்) ஒரே ஃபங்ஷனுக்குள் வந்தால் ஒன்றில் எழுதுவது மற்றதை மாற்றிவிடுமோ என்று கம்பைலர் பயந்துதான் ஆக வேண்டும், திரும்பத் திரும்ப மெமரிக்குப் போவது பாதி நேரம் இதனால்தான். சி மொழியில் 1999 முதல் இருக்கும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைப் போட்டால் அந்தப் பயம் போகும், ஆனால் இரண்டும் உண்மையிலேயே ஒன்றின் மேல் ஒன்று விழாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். சின்ன ஃபங்ஷன் வேறொரு ஃபைலில் இருந்தால் அதை இன்லைன் செய்ய (அழைக்கும் இடத்திலேயே அதன் கோடைச் சேர்த்துவிட) சாதாரணமாக வழியே கிடையாது, எல்லா ஃபைல்களையும் ஒன்றாகப் பார்க்கும் லிங்க் டைம் ஆப்டிமைசேஷனை இயக்கிப் பாருங்கள். சந்தேகமான லூப்பை மட்டும் வெட்டி எடுத்து, மேட் காட்போல்ட் 2012இல் உருவாக்கிய கம்பைலர் எக்ஸ்புளோரர் தளத்தில் போட்டால் பல கம்பைலர்களின் அசெம்பிளியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புது கம்பைலரைப் பரிந்துரைக்கும் முன் நான் அதைத்தான் காட்டச் சொல்கிறேன், பெஞ்ச்மார்க் படம் காட்டினால் ஒத்துக்கொள்வதில்லை.